காம்பரா நிறையப் புறா

கல்யாணமாகி ஒரு வருஷத்துக்கு மேலாகியும் நானும் என் சம்சாரமும் தனியாக நாலு வார்த்தை பேச இடமில்லாமல் கிடந்தோம். காரணம் புறா. உயிருள்ள புறாவாக இருந்தாலாவது கல்லெடுத்து விரட்டியிருப்பேன். இது அட்டைப்பெட்டியில் அடுக்கி வைத்த புறா. தீனி கேட்காது, முட்டை போடாது, ஆனால் ஒரு முழுக் காம்பராவை அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும்.

எங்கள் தேயிலைத் தோட்டம் பலாங்கொடைக்கு மேலே, பஸ் மூச்சுவாங்கி நிற்கிற கடைசி வளைவுக்கும் மேலே இருக்கிறது. லயம் என்கிற வரிசைக் குடியிருப்பில் எங்கள் வீடு என்பது ஒரு காம்பரா, அதாவது ஒரே அறை, அதற்கு முன்னால் கூரை இறங்கின ஒடுக்கமான தாழ்வாரமாக ஒரு இஸ்தோப்பு, அவ்வளவுதான். காம்பராவுக்குள் அம்மா, தங்கைகள், என் சம்சாரம். இஸ்தோப்பில் அப்பா, தம்பி, நான். புதுமாப்பிள்ளை, புதுமாப்பிள்ளை என்று தோட்டமே கேலி பேசும். மாப்பிள்ளையோ அப்பாவின் முதுகைப் பார்த்துக்கொண்டு, அவர் குறட்டையைக் கேட்டுக்கொண்டு படுத்திருப்பான். லயத்துச் சுவர்கள் கூரை வரைக்கும் போகாது, மேலே இடைவெளி இருக்கும். ஒரு கோடியில் தும்மினால் மறு கோடியில் இருக்கிறவன் ஆயுசு நூறு என்பான். இந்த அழகில் சம்சாரத்திடம் என்னத்தைப் பேசுவது? குழம்பில் உப்பு போதுமா என்று நான் அவளைக் கேட்டால் அம்மா பதில் சொல்லிவிடுவார்.

லயத்தின் கோடிக் காம்பரா பூட்டியே கிடந்தது. அதைக் கேட்டு, தொழிற்சங்கத் தலைவரையும் கூட்டிக்கொண்டு, தோட்டத்தை நடத்துகிற பெரியதுரையிடம் போனேன். அவர் சிங்களத் துரை, எங்களிடம் தோட்டத்துத் தமிழிலேயே பேசுவார். கோபக்காரர்தான், ஆனால் சொன்ன சொல்லை மாற்றமாட்டார். காம்பரா காலியாக இல்லை, அதில் புறா இருக்கிறது என்றார். நான் கெஞ்சினேன். தலைவர் தொண்டையைச் செருமினார். துரை, "சரி. பொறா தீரட்டும். தீந்தா காம்பரா ஒனக்கு" என்றார்.

அந்தப் புறாவின் கதையைச் சொல்லிவிடுகிறேன். போர்நிறுத்தம் வந்ததும், போர்க்காலத்தில் போலீஸ் வாங்கி வைத்திருந்த வேட்டைத் துவக்குகள் பங்களாக்களுக்குத் திரும்பின. துரைமாருக்குக் கை அரித்தது. எங்கள் தோட்டத்து எல்லையில் புல் மண்டிக் கிடந்த பழைய கிளப் மைதானத்தைச் சுத்தம் செய்து, ஞாயிற்றுக்கிழமைகளில் புறா சுட ஆரம்பித்தார்கள். புறா என்றால் உள்ளங்கை அகலத்தில் செம்மஞ்சளாக ஒரு மூடி. தாரையும் சுண்ணாம்புத் தூளையும் குழைத்து அச்சில் வார்த்தது. அதற்கு ஆங்கிலத்தில் களிமண் புறா என்று பெயராம். களிமண்ணும் இல்லை, புறாவும் இல்லை, பெயர் வைத்தவனை ஒருநாள் நேரில் பார்க்க வேண்டும். கொழும்பில் மூடிவிட்ட ஏதோ ஒரு கிளப்பிலிருந்து மலிவாகக் கிடைத்ததென்று எங்கள் துரை ஒரு லொறி நிறைய வாங்கி வந்துவிட்டார். கிளப் கூரை ஒழுகும். பெக்டரி ஸ்டோரில் வைத்தால் தேயிலையில் தார் வாடை ஏறிவிடும். மனிதன் மேல் வாடை ஏறினால் ஏலத்தில் விலை குறையாது, ஆகவே எங்கள் லயத்தில் கொண்டுவந்து இறக்கிவிட்டார்கள்.

புறாவை வீசுகிற மெசின் வேலையும் என் தலையில்தான் விழுந்தது. நான் பெக்டரியில் ரோலர் மெசின்களுக்கு எண்ணெய் போடுகிறவன். மைதானத்தில் ஒரு குழி வெட்டி, முன்னால் மணல் மூட்டை அடுக்கி, உள்ளே மெசினை வைத்திருந்தார்கள். இரும்புக் கையை இழுத்து மாட்டி, அதன் மேல் புறாவை வைத்து, மேலே நிற்கிற துரை குரல் கொடுத்ததும் லீவரை இழுக்க வேண்டும். புறா சுழன்றுகொண்டே பறக்கும், துரை சுடுவார். தலைக்கு மேலே வெடி, பக்கத்தில் கையை முறிக்கிற ஸ்பிரிங். வேறொருவனும் அந்தக் குழிக்குள் இறங்கச் சம்மதிக்கவில்லை. காம்பராச் சாவியையும் துரை என்னிடமே கொடுத்துவிட்டார். எங்களுக்கு வேண்டிய வீட்டுச் சாவி என் இடுப்புக் கயிற்றில் தொங்குகிறது, உள்ளே போனால் ஒரு ஆள் நிற்க இடமில்லை. எனக்கு அப்போது வந்த எரிச்சலை இப்போது நினைத்தாலும் பல்லைக் கடிக்கத் தோன்றுகிறது.

குழிக்குள் இருக்கிறவனுக்கு மேலே நிற்கிற ஆள் தெரியாது. சத்தம்தான் ஆள். ஆங்கிலத்தில் 'புல்' என்று கூப்பிட வேண்டும், அதாவது இழு என்று அர்த்தம், அதுதான் முறை என்று முதல் நாள் எனக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். நல்லது, சுலபம் என்று நினைத்தேன். ஆனால் அப்படிக் கூப்பிட்டால் தாடை அசைகிறது, தாடை அசைந்தால் துவக்கு அசைகிறது என்று யாரோ கிளப்பில் ஒரு சித்தாந்தத்தைக் கிளப்பிவிட்டான். அதிலிருந்து ஆளுக்கொரு சத்தம். பக்கத்துத் தோட்டத்துத் துரை பெருத்த ஆள், அவர் வாயையே திறக்கமாட்டார். வயிற்றிலிருந்து ஒரு முக்கல் வரும், அதற்குப் புறா விட வேண்டும். அவர் துவக்கைத் தூக்குகிறபோதும் முக்குவார், சப்பாத்துக் கயிறு கட்டக் குனிகிறபோதும் முக்குவார். டவுன் டாக்டர் "ஆ..." என்பார். நோயாளியை வாய் திறக்கச் சொல்லிச் சொல்லி வந்த பழக்கம். முதல் தடவை நான் குழிக்குள் என்னையறியாமல் வாயைத் திறந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன், புறா போகவில்லை, திட்டு வாங்கினேன். பேங்க் மேனேஜர் "நெக்ஸ்ட்" என்பார்.

இரத்தினபுரியிலிருந்து ஒரு மாணிக்கக்கல் முதலாளி வருவார். வாழ்நாள் முழுக்க விலையைக் காதோடு காதாகப் பேசி வாழ்ந்த மனுஷன், புறாவையும் ரகசியமாகத்தான் கேட்பார். பக்கத்தில் நிற்கிறவனுக்கே கேட்காது, குழிக்குள் இருக்கிற எனக்கு எங்கே கேட்கும்? வராவிட்டால் மட்டும் மலையே அதிரக் கத்துவார். கடைசியில் மேலே ரொம்ப நேரம் அமைதியாக இருந்தால் அது முதலாளி என்று வைத்துக்கொண்டு விட ஆரம்பித்தேன். ஒருநாள் எல்லோரும் தேத்தண்ணீர் குடிக்கப் போய்விட்டார்கள் என்று தெரியாமல் ஒரு பெட்டியில் பாதியை வீசித் தீர்த்தேன். சின்னத்துரை "அம்மே!" என்று கூப்பிடுவார். துவக்கு உதைக்கப் போகிறதே என்கிற பயத்தில் சுடுவதற்கு முன்னாலேயே அம்மாவைக் கூப்பிட்டு வைத்துவிடுவார்.

இவர்களையெல்லாம் தூக்கிச் சாப்பிட்டவர் ஓய்வுபெற்ற ஒரு கிழத்துரை. அவர் ஒரு இருமலில் கூப்பிடுவார். அவருக்கு நிஜமாகவே இளைப்பு வியாதி உண்டு. எது அழைப்பு, எது வியாதி என்று அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. ஆனால் இருமி முடித்துவிட்டுச் சுட்டால் ஒன்று தப்பாது. மாதாமாதம் எங்கள் துரையை அவர்தான் தோற்கடிப்பார்.

அழைக்காமல் புறா போனால் நடுவர் "நோ பேர்ட்" என்று கத்துவார். அது கணக்கில் சேராது, வேறு புறா விட வேண்டும். ஆனால் போன புறா போனதுதானே? அது திரும்பிக் காம்பராவுக்கு வரப் போவதில்லை. இது என் மண்டையில் உறைத்த நாளிலிருந்து எனக்குக் காது ரொம்பக் கூர்மையாகிவிட்டது. மேலே யார் தும்மினாலும் விட்டேன். காக்கை கத்தினாலும் விட்டேன். பட்லர் தட்டைக் கீழே போட்டாலும் விட்டேன். துரைமார் குழி விளிம்பில் வந்து நின்று திட்டுவார்கள். ஐயா, ஆளுக்கொரு சத்தம் வைத்திருக்கிறீர்கள், நான் எதையென்று கண்டேன் என்று கையை விரிப்பேன்.

பெட்டி குறையக் குறைய எங்கள் குடும்ப வாழ்க்கை விரிந்தது. முதலில் ஒரு ஆள் பக்கவாட்டில் நிற்க இடம் வந்தது. கறையான் அரிக்கிறதா என்று பார்க்கப் போகிறேன் என்று சொல்லி நான் உள்ளே நிற்பேன், அவள் விளக்குப் பிடித்துக்கொண்டு வாசலில் நிற்பாள். அம்மா இருமுவார். அப்புறம் இரண்டு பேர் நிற்க இடம் வந்தது. அப்புறம் பெட்டிமேல் எதிரும் புதிருமாக உட்காரவே இடம் வந்துவிட்டது. அங்கே உட்கார்ந்துதான் என் சம்சாரம் முதன்முதலாக மனம்விட்டுப் பேசினாள். என்ன பேசினாள் தெரியுமா? பெண் பார்க்க வந்த அன்று அவள் மாப்பிள்ளை என்று நினைத்துக் குனிந்து குனிந்து பார்த்தது என்னை அல்லவாம், என் தம்பியையாம். கல்யாணத்துக்கு முதல் நாள்தான் விஷயம் தெரிந்ததாம். சொல்ல ஒரு வருஷமாக இடம் கிடைக்கவில்லை என்றாள். எனக்குக் கோபம் தலைக்கேறியது. அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். கொஞ்ச நேரத்தில் நானும் சிரித்துவிட்டேன். இப்படி உட்கார்ந்து சிரிக்க ஒரு இடம் வேண்டும் என்று அன்றைக்கு எனக்கு வந்த ஏக்கம் சாமானியமானதல்ல.

அதுவரை எங்களுக்குள் பேச்சு என்று இருந்ததெல்லாம் ஹூதான். எங்கள் பக்கத்து மலைகளில் அது வழக்கம். தேயிலை மலையில் நிற்கிறவர், கீழே கிராமத்தில் வயலில் நிற்கிறவர், யாராக இருந்தாலும் தூரத்து ஆளைக் கூப்பிட ஹூ என்று நீட்டிக் குரல் கொடுப்பார்கள். காதில் விழுந்தவர் திருப்பி ஹூ சொல்ல வேண்டும். யாருக்குச் சொன்னது என்றெல்லாம் ஆராயக் கூடாது. பதில் வராவிட்டால் சொன்னவர் மனம் கலங்கிவிடும், என்னவோ ஏதோ என்று இறங்கி ஓடிவந்துவிடுவார்கள். கீழே சிங்களக் கிராமத்தில் தூரத்தையே ஒரு ஹூ, இரண்டு ஹூ என்றுதான் சொல்வார்கள். பறித்த கொழுந்தை எடை நிறுத்து முடிந்ததும் என் சம்சாரம் மலையிலிருந்து ஒரு ஹூ கொடுப்பாள், நான் பெக்டரிப் பின்பக்கத்திலிருந்து ஒன்று கொடுப்பேன். புருஷன் பெண்டாட்டி பேச்சு அன்றைக்கு அவ்வளவோடு முடிந்தது.

இந்த நிலைமையில்தான் தோட்டத்துக் கிளாக்கர் ஒரு செய்தி சொன்னார். துரை இன்னொரு லொறிப் புறாவுக்குச் சொல்லிவிட்டாராம். கோப்பைப் போட்டி நடக்கிற ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் அது வந்து சேருமாம். துரையிடம் ஓடினேன். தீர்ந்தால் உனக்கென்று சொன்னேன், இன்னும் தீரவில்லையே என்றார். தலைவரிடம் ஓடினேன். துரை பேச்சில் நியாயம் இருக்கிறது என்று தலையாட்டினார். லொறி வருவதற்கு முன்னால் கடைசிப் புறாவும் பறந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் மறுபடியும் தரையிலிருந்து கூரை வரைக்கும் பெட்டி, மறுபடியும் அப்பாவின் முதுகு.

எங்களைக் காப்பாற்றியது துரையின் ஜாதகம். இருமல் துரையிடம் தோற்றுத் தோற்று மனம் வெறுத்துப்போய் அவர் டவுனில் ஒரு ஜோசியரைப் பார்த்திருக்கிறார். உங்கள் நட்சத்திரத்துக்கு உரிய எழுத்து 'ஹூ', இனி அதைச் சொல்லியே புறாவைக் கூப்பிடுங்கள் என்று ஜோசியர் சொல்லிவிட்டார். பிள்ளைக்குப் பெயர் வைக்க எழுத்துக் கொடுப்பார்கள், புறாவுக்கு எழுத்துக் கொடுத்த ஜோசியரை நான் கேள்விப்பட்டது அந்த ஒரு தடவைதான்.

போட்டிக்கு முந்தின வாரம் பழகுகிறபோது துரை மைதானத்தில் நின்று கம்பீரமாக ஹூ என்றார். நான் விட்டேன். முதல் புறாவே சுக்குநூறு. ஜோசியர் சொன்னது சரிதான் என்று துரை திரும்புவதற்குள், மேலே கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த பெண்கள் மரியாதையாக ஹூ என்று பதில் சொன்னார்கள். நான் விட்டேன். கீழே கிராமத்தில் யாரோ ஹூ என்றார். விட்டேன். துரை குழிக்கு ஓடிவந்து குதிகுதியென்று குதித்தார். எது தொரை சத்தம், எது மலைச் சத்தம் என்று குழிக்குள் எனக்கு எப்படித் தெரியும் என்றேன். வேறு சத்தம் வைத்துக்கொள்ளும்படி நடுவர் சொல்லிப் பார்த்தார். முதல் புறா விழுந்துவிட்டதே, இனி துரை கேட்பாரா?

போட்டிக்கு முதல் நாள் சாயங்காலம் காம்பராவில் பெட்டிமேல் உட்கார்ந்து தலையில் கை வைத்திருந்தேன். போட்டிக்குத் தேவையான புறா போக, இன்னும் பெட்டிகள் மிஞ்சும். என் சம்சாரம் விளக்கைக் கீழே வைத்தாள்.

"நாளைக்கு எல்லாப் பெட்டியையும் மைதானத்துக்குத் தூக்கிருங்க," என்றாள். "பதில் சொல்றதுக்கு நாங்க இருக்கோம்."

ஞாயிற்றுக்கிழமை அவளும் லயத்துப் பெண்களும், லீவு நாளில் எடுத்து அன்றைக்கே காசு வாங்குகிற கைக்காசுக் கொழுந்துக்குப் பெயர் கொடுத்துவிட்டு மைதானத்துக்கு மேலே உள்ள மலையில் பரவி நின்றார்கள். கீழே போட்டி நடந்தது. டாக்டர் ஆ என்றார், மேனேஜர் நெக்ஸ்ட் என்றார், முதலாளி என்ன சொன்னார் என்று அந்த முதலாளிக்குத்தான் தெரியும். ஒவ்வொருவராகக் கழிந்து கடைசியில் எங்கள் துரையும் இருமல் துரையும் சமமாக நின்றார்கள். இனி தப்பவிடுகிறவர் தோற்றார். எங்கள் துரை துவக்கைத் தோளில் வைத்து, கண்ணை மூடித் திறந்து, நட்சத்திரத்தை நம்பி ஹூ என்றார்.

மலை முழுக்கப் பதில் சொன்னது. ஒரு வரிசைப் பெண்கள் முடிக்க, மறு வரிசை ஆரம்பித்தது. என்ன விஷயமோ என்று கீழே கிராமம் பதில் சொன்னது. கிராமத்துக்கு அக்கரை மலை பதில் சொன்னது. நான் இழுத்தேன், வைத்தேன், இழுத்தேன். துரை சுட்டார், தோட்டாப் போட்டார், சுட்டார். நடுவர் நோ பேர்ட், நோ பேர்ட் என்று தொண்டை கட்டும் வரை கத்தினார். கண்முன்னே புறாக்கள் சும்மா பறந்து போவதைப் பார்த்துக்கொண்டிருக்க மற்றத் துரைமாருக்கும் மனம் வரவில்லை போலிருக்கிறது. பெருத்தவர் முக்கிக்கொண்டே துவக்கைத் தூக்கினார். டாக்டர் தூக்கினார். சின்னத்துரை அம்மாவைக் கூப்பிட்டுக் கூப்பிட்டுச் சுட்டார். இருமல் துரைக்குச் சிரிப்பு வந்து, சிரிப்பில் இருமல் வந்து, ஒவ்வொரு இருமலுக்கும் ஒரு புறா போயிற்று. யார் எதைச் சுட்டார் என்று கடவுளுக்குத்தான் வெளிச்சம். மைதானம் முழுக்கச் செம்மஞ்சள் ஓடு.

கடைசிப் பெட்டியில் கையை விட்டுத் துழாவினேன். அட்டைதான் கையில் பட்டது. குழியை விட்டு எழுந்து நின்றேன். "தீந்து போச்சுங்க தொரை," என்றேன். எல்லோரும் மூச்சுவாங்கிக்கொண்டு நின்றார்கள். எங்கள் துரையின் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. ஒரே நாளில் அவ்வளவு புறா அவர் விழுத்தியதே கிடையாது. கோப்பையை யாருக்கும் கொடுக்க முடியாதென்று நடுவர் கிசுகிசுத்த குரலில் தீர்ப்புச் சொன்னது அவர் காதில் விழுந்ததாகவே தெரியவில்லை. அந்த நேரம் பார்த்து, கீழே கடைசி வளைவில் லொறியின் ஹார்ன் கேட்டது.

நான் சாவியை எடுக்க இடுப்பைத் தடவினேன். இல்லை. விடியற்காலை பெட்டிகளையெல்லாம் வெளியே எடுத்ததுமே அதை அவள் வாங்கி வைத்துக்கொண்டது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. மலையைப் பார்த்தேன். பெண்கள் எல்லோரும் நின்றார்கள், அவளைக் காணவில்லை.

லயத்துக்கு நான் ஓடிச் சேர்ந்தபோது லொறி வாசலில் நின்றது, பெட்டி இறக்க ஆட்கள் குதித்துவிட்டார்கள். துரையின் ஜீப்பும் பின்னாலேயே வந்தது. கோடிக் காம்பரா கதவு திறந்திருந்தது. உள்ளே மூன்று கல், அதன் மேல் புதுப்பானை, பானையில் பால். அவள் குனிந்து ஊதிக்கொண்டிருந்தாள். துரை வாசற்படியில் கால் வைத்தார். பால் பொங்கி, பானை விளிம்பைத் தாண்டி, நெருப்பில் வழிந்தது.

துரை காலைப் பின்னுக்கு எடுத்துவிட்டார். புது வீட்டில் பால் பொங்கி வழிந்தால் அதற்குப் பிறகு அந்த வீட்டை யாரும் தொடமாட்டார்கள். அது எங்கள் வழக்கம் மட்டுமில்லை, அவருடைய ஆட்கள் வழக்கமும் அதுதான். அதிலும் புறா கூப்பிடவே எழுத்துப் பார்க்கிற மனிதர் அவர்.

"எந்தப் பக்கம் பொங்கிச்சு?" என்று கேட்டார்.

"கெழக்காலங்க தொரை," என்றாள். நிமிர்ந்து பார்க்கவில்லை. பொய்யோ மெய்யோ, எனக்கு இன்றைக்கும் தெரியாது.

துரை கொஞ்ச நேரம் பானையைப் பார்த்தார், அப்புறம் லொறியைப் பார்த்தார். பெட்டிகளைப் பங்களாவுக்கு ஏற்றச் சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறினார். அந்தப் புறாக்கள் அவருடைய கார் கொட்டகையை அடைத்துக்கொண்டு, அந்த மழைக்காலம் முழுக்க அவர் கார் வெளியே நனைந்தது.

விளக்கு வைக்கிற நேரம் எல்லோரும் பால் குடித்துவிட்டுப் போய்விட்டார்கள். லயம் படுத்து அடங்குகிற நேரம் அம்மா ஒரு பாயைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் போனார். நான் கதவைச் சாத்தினேன். கல்யாணமாகி முதல் தடவையாக ஒரு கதவைச் சாத்துகிறேன். தார் வாடை இன்னும் போகவில்லை. அவள் அந்தச் சுவரோரம் உட்கார்ந்தாள், நான் இந்தச் சுவரோரம். ஒரு வருஷமாகச் சேர்த்து வைத்த பேச்செல்லாம் எங்கே போயிற்றோ தெரியவில்லை, வாயைத் திறந்தால் ஒரு வார்த்தை வரவில்லை. அவளும் கால்விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு வெட்கம் ஒரு பக்கம், பயம் ஒரு பக்கம். வேறு வழி தெரியாமல், மெல்ல, ஹூ என்றேன்.

அவள் நிமிர்ந்து, என்னைவிட மெல்ல, ஹூ என்றாள்.

சுவருக்கு மேலே இருந்த இடைவெளியை நாங்கள் இரண்டு பேரும் மறந்துவிட்டோம். பக்கத்துக் காம்பராவிலிருந்து யாரோ ஹூ என்றார்கள். அதற்கு அடுத்ததிலிருந்து ஒன்று. அப்படியே லயம் நெடுகப் போய், கடைசியில் எங்கள் பழைய இஸ்தோப்பிலிருந்து, தூக்கம் கலையாத குரலில் அப்பா ஹூ என்றார். அவள் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு சிரித்தாள், கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். நான் சிரித்தேனா அழுதேனா என்று எனக்கே தெரியவில்லை. பிறகு அவள் எழுந்து வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"இனிமே கூப்பிட வேணாங்க," என்றாள். "நான் இங்கதான் இருக்கேன்."